கேமராவுக்குள் விழுந்த நாற்காலி

அந்தச் செய்தித் தொலைக்காட்சியில் உட்கார்ந்து எழுத வராத உதவி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு. நேரில் கூப்பிடும்போது ‘சார்’ என்பார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ‘பம்பரம்’. அது அவருக்கும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி தொலைபேசியில், “பம்பரம் சார் இருக்காரா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, “சுத்தி முடிச்சு இப்பதான் நின்னேன். சொல்லும்மா” என்றார்.

எங்கெங்கிருந்தோ வந்து குவியும் செய்திகளை மொழிபெயர்த்துச் சுருக்கி, வாசிப்பவரின் வாய்க்கு இதமான வாக்கியங்களாக்கிக் கொடுப்பது அவர் வேலை. தாளைக் கையில் எடுத்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். பழைய அலுவலகம் ஒரு காலத்தில் மரச்சாமான் கிடங்காக இருந்த கட்டடம். அதன் முதுகெலும்பு போல ஒரு நீண்ட நடைவழி. ஒரு கோடியில் தேநீர் இயந்திரம், மறு கோடியில் பழைய ஒளிப்பதிவு நாடாக்களைப் போட்டு வைத்த அறை. அந்த நடைவழியில் உதட்டை அசைத்துக்கொண்டே போவார், வருவார். சுவர் வந்தால் வாக்கியம் முடிந்துவிட வேண்டும். “சுவருக்கு முன்னாடி முடியாத வாக்கியம் வாசிக்கிறவங்களுக்கு மூச்சு வாங்கும்” என்பார். நடந்து முடித்து, நின்றபடியே விசைப்பலகையில் தட்டிவிட்டு, அடுத்த தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் கிளம்புவார். அவர் எழுதிய செய்தியை வாசிக்கும்போது நாக்கு ஒருநாளும் தடுக்கியதில்லை என்று செய்தி வாசிக்கும் பெண்மணி எல்லோரிடமும் சொல்வார்.

வீட்டிலும் அதே கதைதான். பல் துலக்கினால் வீடு முழுக்கச் சுற்றுவார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. “தொடங்கின இடத்துக்கே திரும்ப வர்றீங்க. கணக்குப்படி பாத்தா நீங்க போன தூரம் பூஜ்யம்” என்று கிண்டல் செய்வார். சினிமாவுக்குப் போனால் ஓர இருக்கைதான். சாப்பாட்டைக்கூட முக்கால்வாசி நின்றுகொண்டுதான் முடிப்பார். இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, அவருடைய அம்மா படுக்கையில் விழும்வரை.

அம்மா வேறு ஊரில் அக்காவோடு இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்கச் செயலிழந்துவிட்டது. நினைவும் வருவதும் போவதுமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் அவர் போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எழுந்து ஜன்னலைத் திறந்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். மருந்துக் கடையை எப்போது மூடுவார்கள் என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லித் தெருவுக்குப் போனார். போய் வந்து ஜன்னலை மூடினார். அம்மாவின் கோணிய வாயைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய கால் வாசலைத் தேடியது.

அக்கா கடைசியில் கேட்டுவிட்டார்.

“வந்ததுலேருந்து நீ அம்மா முகத்தைப் பாத்தியா, இல்ல சுவரைப் பாத்தியா?”

“என்னால உக்கார முடியலைக்கா.”

“முடியலையா, மனசு இல்லையா?”

“நான் உக்காந்துட்டா மட்டும் அம்மா எழுந்து நடந்துடப் போறாங்களா?”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கூர்மையாகப் போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிந்தது. அக்கா கையிலிருந்த டம்ளரைக் கழுவினார். கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினார். அன்றோடு தம்பியிடம் பேசுவதை விட்டுவிட்டார். அம்மா எப்படி இருக்கிறார் என்ற செய்தி மனைவியின் தொலைபேசி வழியாகத்தான் வரும். பண்டிகை, விடுமுறை எது வந்தாலும் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட அவருக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மனைவி இரண்டு முறை தனியாகப் போய்விட்டு வந்தார்.

இந்தச் சமயத்தில்தான் தொலைக்காட்சிக்குப் புதுக் கட்டடம் கட்டத் தீர்மானித்தார்கள்.

அதை வடிவமைக்க வந்த பெண் கட்டடக் கலைஞர் மற்றவர்களைப் போல முதலில் கோடு போடவில்லை. பழைய அலுவலகத்தில் ஒரு மூலையில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒரு வாரம் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தின் வரைபடத்தை மடியில் வைத்து, யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று ஆளுக்கொரு நிறத்தில் கோடு இழுத்தார். செய்தி ஆசிரியருக்குச் சிவப்பு, படத்தொகுப்பாளருக்கு நீலம். நம் பம்பரத்துக்குப் பச்சை. ஒருநாள் மாலை அந்தத் தாளை எட்டிப் பார்த்த ஒருவர், “என்ன மேடம், புல்வெளியா?” என்று கேட்டார்.

ஒன்றரை வருடத்தில் கட்டடம் எழும்பியது. உள்ளே நுழைந்தவர்கள் முதலில் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவில் கூரைவரை ஒரே வெட்டவெளி. அதன் அடியில் செய்தியறை, தடுப்பே இல்லாமல். மாடிகளில் கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள். எந்த அறையில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது கீழே இருந்தே தெரியும், காதில்தான் விழாது. அதனால் வடிவமைத்தவருக்குக் ‘கண்ணாடி மேடம்’ என்ற பெயர் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டது. தொலைபேசிகள் மணி அடிக்காது, சிமிட்டும். தரை முழுக்க மெத்தென்ற விரிப்பு. ஸ்டூடியோவுக்கென்று தனி அறை கிடையாது. செய்தியறையின் ஒரு முனையில் வளைந்த மேஜை, அதற்கு எதிரே கேமராக்கள், வாசிப்பவருக்குப் பின்னால் மொத்தச் செய்தியறையும். வாசிக்கும் இடத்தின் தரையை மட்டும் ரப்பர் கட்டைகள்மேல் மிதக்கவிட்டிருந்தார். பக்கத்தில் யார் நடந்தாலும் அந்த அதிர்வு ஒலிவாங்கிக்குப் போகாது.

“செய்தி வானத்துலேருந்து விழறதில்ல. மனுஷங்க உக்காந்து உருவாக்கறாங்க. பாக்கறவங்களுக்கு அது தெரியணும்” என்று திறப்பு நாளில் சொன்னார்.

எல்லோருக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. பம்பரத்தின் பெயர் நட்டநடுவில் இருந்தது, செய்தி வாசிப்பவரின் இடது தோளுக்கு நேர் பின்னால்.

முதல் நாள் ஒத்திகையிலேயே சிக்கல் தொடங்கியது. அவர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குநர் ஓடி வந்தார்.

“சார், தயவுசெஞ்சு நிக்காதீங்க. நீங்க எழுந்தா செய்தி வாசிக்கிற மேடம் தோள்லேருந்து ஒரு ஆள் முளைச்சு வர்ற மாதிரி இருக்கு.”

“சரி, அப்போ நான் அந்தப் பக்கம் போயிடறேன்.”

“அந்தப் பக்கம் போனா மேடம் தலைக்குப் பின்னாடி போவீங்க. அது இன்னும் மோசம். இந்தக் காதுல நுழைஞ்சு அந்தக் காது வழியா வெளிய வருவீங்க.”

பழக வேண்டியதுதான் என்று அவரும் நினைத்தார். உட்கார்ந்தார். உட்கார உட்கார வாக்கியம் வரவில்லை. பழைய நடைவழியில் சுவர் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வாக்கியங்களை இங்கே முடித்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அவை நீண்டன, வளைந்தன, தம்மையே சுற்றிக்கொண்டன. ஒரு மாலை, “அமைச்சர் கூறியதாகக் கூறப்படுவதாக அதிகாரிகள் கூறினர்” என்று வாசிப்பவர் நேரலையில் வாசித்துவிட்டு, ஒரு நொடி தாளையே பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி அவரைப் பார்த்தார். ஊரே அதைப் பார்த்தது.

ஊர் பார்ப்பது அதோடு நிற்கவில்லை. முடி வெட்டப் போனால், “நேத்து கொட்டாவி விட்டீங்களே சார், நைட்டு தூங்கலையா?” என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் புதுச் சட்டை நன்றாயிருக்கிறது என்றார். மனைவியிடமிருந்து செய்திக்கு நடுவிலேயே குறுஞ்செய்தி வரும்: ‘நகத்தைக் கடிக்காதீங்க.’ அவர் கையைக் கீழே இறக்கினால், ‘இப்போ காதைக் குடையறீங்க.’ நாள் முழுக்க யாரோ பிடரியில் ஊதிக்கொண்டே இருப்பது போலிருந்தது அவருக்கு. வீட்டுக்கு வந்தால் பகல் முழுக்கச் சேர்த்துவைத்த நடையை நடந்து தீர்த்தார். கூடம், சமையலறை, பின்கட்டு, கூடம். மனைவி கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டே, “கீழ் வீட்டுக்காரங்க பேயோன்னு பயந்துடப் போறாங்க” என்றார். அவர் சிரிக்கவில்லை.

“இந்த வேலையை விட்டுடலாம்னு தோணுது.”

மனைவி பேனாவை மூடிவைத்தார். “வேலையையா, நாற்காலியையா?”

அந்தக் கேள்வி அவரோடு இரண்டு நாள் கூடவே நடந்தது.

கூரையில் எதிரொலி அதிகமாக இருக்கிறது என்று புகார் வந்து, கண்ணாடி மேடம் ஒருநாள் பார்க்க வந்திருந்தார். கையைத் தட்டித் தட்டிச் சத்தம் எங்கே போய்த் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தவரிடம் பம்பரம் போய் நின்றார்.

“மேடம், என்னை ஏன் நடுவுல போட்டீங்க?”

அவர் கேள்வியை எதிர்பார்த்தவர் போல மடிக்கணினியைத் திறந்து அந்தப் பச்சைப் படத்தைக் காட்டினார். “ஆபீஸ்லேயே அதிகமா நடந்தவர் நீங்கதான் சார். எல்லா இடத்துக்கும் போனீங்க. அதனால எல்லா இடமும் உங்களுக்குப் பக்கமா வர்ற மாதிரி ஒரு புள்ளியைத் தேடினேன். நீங்க இனிமே நடக்கவே வேண்டாம்.”

“நான் எங்கேயும் போகலையே மேடம்.”

“இவ்வளவு கோடு இருக்கே?”

“நடந்தேன். ஆனா எங்கேயும் போகலை. நடந்தாத்தான் எனக்கு எழுத வரும்.”

கண்ணாடி மேடம் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். பச்சைக் கோடுகள் தேநீர் இயந்திரம்வரை போயிருந்தன. ஆனால் அவர் ஒருமுறைகூடத் தேநீர் எடுக்கவில்லை. நாடா அறை வாசல்வரை போயிருந்தன. கதவைத் திறந்ததே இல்லை.

“எங்கே போறாருன்னு பாத்தேன். எதுக்குப் போறாருன்னு கேக்கலை” என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். “வாங்க, மேல ஒரு இடம் காட்டறேன்.”

இரண்டாம் மாடியில் வெட்டவெளியைச் சுற்றி ஒரு நடைபாதை இருந்தது. விளக்குகளைச் சரிபார்க்க மின்பணியாளர்கள் மட்டும் போய்வர வைத்தது. கீழே இருக்கும் கேமரா எதற்கும் அது தெரியாது. ஒரு வளைவில் நின்று எழுதும் உயரத்துக்கு ஒரு பலகையும், ஒரு கணினியும் போட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்தார். சுற்றி வரும் பாதையில் சுவர் இல்லையே என்று அவர் இழுத்தபோது, “நாலு மூலை இருக்கு. மூலைக்கு மூலை முடிச்சுக்குங்க” என்றார்.

அடுத்த வாரமே வாக்கியங்கள் பழைய நிலைக்கு வந்தன. கொஞ்சம் சின்னதாகவே வந்தன. நடுவிலிருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. இயக்குநர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆனால் அந்த நிம்மதி ஒரு வாரம்கூட முழுதாக ஓடவில்லை. ஒரு முற்பகல், மேல் நடைபாதையில் மூன்றாவது மூலையில் திரும்பும்போது அவருடைய தொலைபேசி அதிர்ந்தது. திரையில் அக்காவின் பெயர். இத்தனை நாள் பேசாதவர் கூப்பிட்டால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நினைத்தார்.

“அக்கா, அம்மாவுக்கு என்ன?”

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. உனக்கு என்ன? வேலை போயிடுச்சா?”

“இல்லையே.”

“அப்போ ஏன் டிவியில வர்றதில்ல?”

அவருக்குப் புரியவில்லை. வேண்டா வெறுப்பாகத் தொடங்கிய அக்கா, போகப் போக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

புதுக் கட்டடத்திலிருந்து செய்தி வரத் தொடங்கிய முதல் வாரம், தற்செயலாக அக்கா அந்தச் சேனலைப் போட்டிருக்கிறார். அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். வாசிப்பவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் பார்த்தார். “வந்துட்டான்” என்றாராம். மறுநாள் மாலையும் அதே நேரத்துக்குத் தொலைக்காட்சிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அரை மணி நேரம் மட்டும் வாயில் வைக்கும் சாப்பாட்டைத் துப்பாமல் விழுங்கினார். மற்ற வேளைகளில் அக்கா கெஞ்ச வேண்டும். அந்த நேரத்தில் வேண்டியதில்லை. இடையிடையே, “என்னை விட்டு எழுந்திருக்காம உக்காந்திருக்கான் பாரு” என்று பக்கத்து வீட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்வாராம்.

“அம்மாவுக்கு நீ இங்க வந்து உக்காந்திருக்கறதா நெனப்பு” என்றார் அக்கா. “இப்போ நாலஞ்சு நாளா அந்த நாற்காலி காலியா இருக்கு. ‘எங்க போனான், எங்க போனான்’னு கேட்டுட்டே இருக்காங்க. சாப்பாடு இறங்கலை. நான் உன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்.”

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். நடுவில் காலி நாற்காலி. நடக்காமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

“இன்னைக்கு இருப்பேன்க்கா” என்றார்.

இயக்குநரிடம் போய் மாலைச் செய்திக்கு மட்டும் அந்த நாற்காலியைத் திரும்பக் கேட்டார். இயக்குநர் நெற்றியில் கை வைத்தார்.

“உக்காருங்கன்னு கெஞ்சினேன், முடியாதுன்னீங்க. மாடிக்குப் போறேன்னீங்க, சரின்னோம். இப்போ திரும்பவும் உக்காரணுமா? ஒரு முடிவுக்கு வாங்க சார்.”

பம்பரம் காரணத்தைச் சொன்னார். அலுவலகத்தில் அவர் யாரிடமும் வீட்டுக் கதை பேசியதில்லை. இயக்குநர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். “சரி சார்” என்று மட்டும் சொன்னார்.

கண்ணாடி மேடத்துக்கும் விஷயம் எட்டியது. அவர் தச்சரை அனுப்பி அந்த மேஜைக்கு முன்பக்கம் தரைவரை ஒரு பலகை அடிக்க வைத்தார். “இடுப்புக்குக் கீழ கேமராவுக்குத் தெரியாது. காலை எப்படி வேணா ஆட்டிக்குங்க” என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து ஏழு மணிச் செய்தியில் மேஜைக்கு மேலே ஒரு அமைதியான மனிதர் தெரிந்தார். மேஜைக்குக் கீழே இரண்டு கால்கள் ஊர் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.

அக்கா இப்போது தினமும் கூப்பிட்டார். நீண்ட பேச்செல்லாம் இல்லை. “இன்னைக்கு முழுசா சாப்பிட்டாங்க.” “இன்னைக்கு நீ இருமினே, மருந்து எடுத்தியான்னு கேட்டாங்க.” “சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கடா.” அவ்வளவுதான். ஊருக்கு வா என்று அக்கா சொல்லவில்லை. வருகிறேன் என்று இவரும் சொல்லவில்லை. திரையில் உட்கார்ந்திருப்பதே போதும், நேரில் போனால் எல்லாம் மறுபடியும் கெட்டுவிடும் என்று ஒரு பயம் அவருக்குள் இருந்தது. அந்தப் பயத்தையும் சுமந்துகொண்டு மேல் நடைபாதையில் நாலு மூலையும் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மழைக்காலத்துக்கு முன்பு எதிரொலியைச் சரிசெய்யும் வேலை வந்தது. கூரையிலிருந்து சத்தத்தை உறிஞ்சும் பலகைகளைத் தொங்கவிட வேண்டும். செய்தியறை முழுக்கச் சாரம் கட்டியாக வேண்டும். அந்த ஒரு வாரம் எல்லோரும் மாடி அறைகளில் வேலை செய்வது என்றும், வாசிப்பவருக்குப் பின்னால் ஒரு பெரிய திரையை இறக்கி, ஏற்கெனவே ஒருநாள் எடுத்த செய்தியறைக் காட்சியையே அதில் ஓட்டுவது என்றும் முடிவாயிற்று. கண்ணாடி மேடத்துக்கு இது பிடிக்கவே இல்லை. “பின்னாடி இருக்கறவங்க நெஜமா இருக்கணும்னுதானே இவ்வளவும் பண்ணினேன்” என்று முணுமுணுத்தார். வேறு வழியில்லை.

அந்தப் பழைய காட்சியில் பம்பரம் நீலக் கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி ஒரே வாக்கியத்தில் முடித்தார். “நீங்க அங்க இல்லாட்டியும் அங்க இருப்பீங்க. இப்பவாவது ஊருக்குப் போயிட்டு வாங்க.”

தட்டிக்கழிக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. மறுநாள் காலை பேருந்து ஏறினார். பாதி வழி படிக்கட்டருகே நின்றுகொண்டுதான் போனார். நடத்துனர் காலி இருக்கையைக் காட்டிக் காட்டிச் சலித்துவிட்டார்.

அக்கா கதவைத் திறந்தபோது தலையில் முன்னைவிட நரை கூடியிருந்தது. “வா” என்றார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், எதிரே அலமாரிமேல் தொலைக்காட்சி. பகல் முழுக்க அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

மாலை அம்மா விழித்தார். தலைமாட்டில் நிற்கிறவரை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாக, “வாங்க” என்றார்.

பெற்ற தாய் வாயிலிருந்து வந்த அந்த ‘வாங்க’வை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாசலுக்குப் போய்விடலாமா என்று கால் கேட்டது. அதற்குள் அக்கா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டார். செய்தி தொடங்கியது. வாசிப்பவரின் தோளுக்குப் பின்னால் நீலக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அம்மாவின் கண்ணில் வெளிச்சம் வந்தது.

“வந்துட்டியா” என்றார் திரையைப் பார்த்து.

அக்கா கரண்டியை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார். இவர் கால்மாட்டில் நின்று இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். திரையில் இருக்கிறவன் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். அன்று எவ்வளவு எரிச்சலோடு உட்கார்ந்திருந்தோம் என்பது இவருக்குத் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது பொறுமை போலத்தான் தெரிந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது” என்றார் அம்மா இவரிடம்.

தள்ளி நின்றார். ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார். அம்மா கழுத்தைச் சாய்த்து இவரையே பார்த்தார்.

“அவனைப் பாருங்க. எவ்வளவு நேரமா அசையாம உக்காந்திருக்கான். நீங்க ஏன் இப்படி அல்லாடறீங்க? உக்காருங்க.”

அக்கா குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. இவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் கொடுத்தார். அம்மா திரையைப் பார்த்தபடி விழுங்கினார். இன்னொரு வாய். முழங்கால் துடிக்கத் தொடங்கியது. இங்கே மறைக்கப் பலகை இல்லை. கட்டில் சட்டம் சன்னமாகக் கடகடத்தது. அவர் தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தார், நிற்கவில்லை.

அம்மாவின் இடது கை போர்வைக்கு வெளியே வந்தது. தடவித் தடவி அவருடைய முழங்காலைக் கண்டுபிடித்து, அதன்மேல் படிந்து அழுத்தியது. கண் இன்னும் திரையில்தான் இருந்தது.

“காலை ஆட்டாதடா” என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவரும் அக்காவைப் பார்த்தார். அம்மா யாரிடம் சொன்னார், தெரிந்து சொன்னாரா என்பதெல்லாம் யாருக்குத் தெரியும். அந்தக் கை எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது. செய்தி முடிந்து விளம்பரங்கள் ஓடி, அடுத்த நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அங்கேயே இருந்தார். பகலில் தெருத் தெருவாக நடந்தார். மாலையில் உட்கார்ந்தார். சில நாள் ‘வாங்க’, சில நாள் ‘வாடா’. அம்மாவின் வாயில் எது வருமோ என்று கதவருகே நின்று காத்திருந்துவிட்டு உள்ளே போவார். கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா அக்காவிடம் மெதுவாகக் குறைபட்டுக்கொண்டார். “டிவில இருக்கறவன் தினமும் ஒரே சட்டையைத்தான் போட்டுட்டு வர்றான். துவைச்சுப் போட ஆள் இல்லையா?” அக்காவுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒன்றாகச் சிரித்தது அன்றுதான். பேச வேண்டியிருந்த மற்றதை அவர்கள் பேசவில்லை. அவர் கிளம்பும்போது, “அன்னைக்கு நான் சொன்னது...” என்று தொடங்கினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று அக்கா பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அம்மா அந்த மழைக்காலம் முழுக்க இருந்தார். அதற்குள் அவர் பல முறை போய்வந்தார். ஒவ்வொரு முறையும் நிம்மதியாகப் போய் நிம்மதியாக வந்தார் என்று சொல்ல முடியாது. சில நாள் உட்கார முடியாமல் பாதியில் எழுந்து ஓடினார். வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார். அம்மாவின் கடைசி நேரத்தில் அவர் பக்கத்தில் இல்லை. மாலைச் செய்தியில் நாற்காலியில் இருந்தார். தொலைபேசி சிமிட்டியது. எடுத்துப் பேசினார், வைத்தார். செய்தி முடியும்வரை தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று குறுஞ்செய்தி எதுவும் அனுப்பவில்லை. பையில் அவருக்கும் சேர்த்துத் துணி எடுத்து வைத்துக்கொண்டு அலுவலக வாசலுக்கு வந்து நின்றார்.

கண்ணாடி மேடம் இப்போது வேறொரு ஊரில் ஒரு வானொலி நிலையத்தை வடிவமைக்கிறார். அங்கேயும் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிறநிறமாகக் கோடு இழுக்கிறாராம். ஆனால் சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், “இங்க எதுக்குப் போனீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாராம். பலருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை என்று பம்பரத்திடம் தொலைபேசியில் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதும், மாலை நாற்காலி வேண்டுமா என்று இயக்குநர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்றார். அன்று முழுக்க மேலேயே நடந்தார். ஏழு மணிச் செய்தி கீழே ஓடிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்தார், மறுபடியும் நடந்தார். செய்தி முடிந்த கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டார்.

“டிவில உன்னைக் காணோமே.”

“இனிமே இருக்க மாட்டேன்க்கா. நாற்காலியைக் குடுத்துட்டேன்.”

மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தம் கேட்டது. அக்கா அதை அணைத்தார்.

“வீடு ஒரேயடியா அமைதியா இருக்குடா. எனக்கும் ஒரு இடத்துல உக்கார முடியல” என்றார். “சனிக்கிழமை வா. எங்கேயாவது நடந்துட்டு வரலாம்.”